மறு: 'விந்தை எண்' வேண்டாமே: 70-க்கு வேறொரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம். 70 போன்ற எண்களை ஆங்கிலத்தில் weird number என்பார்கள்: அந்த எண் நீங்கலான காரணிகளின் கூட்டு எண்ணை விஞ்சும், ஆனால் அவற்றில் எந்தச் சிலவற்றைக் கூட்டினாலும் அந்த எண் சரியாக வராது. இதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றியே இம்மடல்.

> 'விந்தை எண்' என்றே வைத்துவிடலாமே? ஆங்கிலப் பெயருக்கும் அதே பொருள்தானே?

ஐயா, சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 70-ஐப் பார்த்து யாரோ வியந்தார் என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. எதைக் கண்டு வியந்தார் என்பதும் சொல்லுக்குள் வந்தால்தான் படிக்கிற பிள்ளைக்கு உதவும்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 70-ஐ விட்டுவிட்டால் அதன் காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35. கூட்டினால் 74, அதாவது 4 அதிகம். சரி, சில காரணிகளை விலக்கி அந்த நான்கைக் குறைத்துவிடலாமா? 4-க்கு உட்பட்டவை 1, 2 மட்டுமே. இரண்டையும் சேர்த்தாலும் 3தான். அடுத்த காரணி 5. எப்படிப் புரட்டினாலும் 4 வராது.

இப்போது 12-ஐ எடுங்கள். 1, 2, 3, 4, 6, கூட்டினால் 16. இங்கும் அதிகம் அதே 4தான். ஆனால் 12-இன் காரணிகளிலேயே 4 இருக்கிறது. அதை எடுத்து வைத்துவிட்டால் 1+2+3+6=12. இரண்டும் ஒரே அளவு விஞ்சுகின்றன. ஒன்று நிறைகிறது, மற்றது நிறைய மறுக்கிறது. நம் சொல் இந்த இடத்திலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காரணிகளின் கூட்டு தனக்கே சமமாக வரும் 6, 28 போன்றவற்றை 'நிறைவெண்' என்கிறோம். அதே வினையிலிருந்து 'பகா எண்', 'விகிதமுறா எண்' போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக 'நிறையா' என்று எடுக்கலாம். அது மட்டும் போதாது. 8-இன் காரணிகளைக் கூட்டினால் 1+2+4=7; அதுவும் நிறையாததுதானே! அதனால் விஞ்சுவதும் பெயரில் வேண்டும்.

முதலில் 'நிறையா மிகையெண்' என்றுதான் குறித்து வைத்திருந்தேன். ஆனால் பள்ளிப் பாடநூல்களில் 'மிகை', 'குறை' இரண்டும் சுழிக்கு மேலே, கீழே உள்ள எண்களுக்குப் போய்விட்டன. மாணவர் குழம்பிவிடுவார். 'மிஞ்சு' என்றால் வகுத்தலில் வரும் மீதி நினைவுக்கு வருகிறது. 'விஞ்சு' சரியாக நிற்கிறது. 'பகு எண்' போல வினைத்தொகை, சேர்த்தெழுதினால் 'விஞ்செண்'. ஆகவே என் பரிந்துரை: நிறையா விஞ்செண்.

70-க்கு அடுத்த நிறையா விஞ்செண் 836. காரணிகளின் கூட்டுத்தொகை 844, விஞ்சுவது 8. சிறிய காரணிகள் 1, 2, 4 சேர்ந்து 7, அப்புறம் நேராக 11. பெயரைக் கேட்டவரே எதைச் சரிபார்க்க வேண்டும் என்று கண்டுகொள்வார்.

ஆங்கிலப் பெயரை 1972-இல் வைத்தவர் கணிதவியலாளர் ஸ்டான் பென்கோஸ்கி. இரண்டு ஆண்டு கழித்து அவரும் கணிதவியலாளர் பால் எர்டோஷும் சேர்ந்து எழுதிய கட்டுரை இவ்வெண்களை விரிவாக ஆராய்ந்தது. 70-ஐ 144-ஐவிட (70-ஐயும் சேர்த்து அதன் காரணிகளின் கூட்டு, 70+74) பெரிய எந்தப் பகா எண்ணால் பெருக்கினாலும் இன்னொன்று கிடைக்கும்; 70×149=10430 அப்படி வந்ததே. ஆனால் ஒற்றைப்படையில் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிறுவியவரும் இல்லை. 'ஒற்றை நிறையா விஞ்செண் உண்டா?' என்று தமிழிலேயே கேட்க முடிவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

12 போன்றவற்றை 'நிறையும் விஞ்செண்' எனலாம். 8 போன்றவற்றுக்கு 'குன்றெண்' என்று எழுதிப் பார்த்தேன். குன்றுதல் பொருந்துகிறது, ஆனால் மலைதான் முதலில் கண்முன் வருகிறது. அதில் இன்னும் தயக்கம் இருக்கிறது. யாருக்காவது வேறு வினை தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்