நத்தை குத்தி நாரை: விடை பேரிலேயே இருந்தது

நத்தை குத்தி நாரையின் அலகு ஒரு பாக்குவெட்டி என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் இல்லையா, அதில் வைத்து நத்தையை நொறுக்கும் என்று பசங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாயிற்று. போன தை மாதம் வேடந்தாங்கல் போகிற வழியில் நடவு வயலில் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன, வண்டியை ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் பார்த்தேன். ஒன்று சேற்றில் அலகை விட்டுக் குடைந்தது, தலையை லேசாக ஆட்டியது, நிமிர்ந்தபோது வாயில் வெறும் சதை. அது நகர்ந்ததும் வரப்பிலிருந்து கைவிட்டுத் துழாவினேன். எலுமிச்சம்பழ அளவு ஓடு, கீறல்கூட இல்லை, உள்ளே காலி!

அப்புறம்தான் தேடிப் படித்தேன். மேல் அலகு ஓட்டை அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழ் அலகின் கூர்நுனி உள்ளே நுழைந்து ஓட்டோடு ஒட்டிய தசையை அறுத்துவிடுகிறது. நடுவில் இடைவெளி இருப்பதால் நுனி இரண்டும் இடுக்கி மாதிரி வழுக்கும் ஓட்டையும் கெட்டியாகப் பிடிக்கும். ‘குத்தி’ என்று பேர் வைத்தவர் வயலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஏரியில் கூட்டிலிருந்த குஞ்சுகளுக்கோ அந்த இடைவெளியே இல்லை. தாய் தகப்பன் கக்கிக் கொடுப்பதை விழுங்குகிற வயதில் அது எதற்கு, வளர வளரத்தான் வருகிறது.

*

நத்தை குத்தி பற்றி மேலே எழுதியதைப் படித்த இன்னொருவன் நான். நேரில் பார்த்ததும் தேடிப் படிக்க வைத்தது எனக்குப் பாம்புத்தாரா என்ற நீர்ப்பறவை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கழுத்து மட்டும் நீருக்கு மேலே வர, கூட வந்த மாமா பாம்பென்றே நினைத்துப் பின்வாங்கிவிட்டார். இறகு நனைந்துவிடுவதால் வாத்து மாதிரி மிதக்காது, சுலபமாக முங்கும். கரையேறினால் துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து உட்கார வேண்டியதுதான். கழுத்தில் ஒரு மடிப்பு தெரியும் பாருங்கள், எட்டாவது எலும்பில் இருக்கிற கீல் அது, சுருக்கி வைத்து, சட்டென்று நீட்டினால் ஈட்டிதான். மீனைக் குத்தி மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கும். நான் பார்த்தது முதல் தடவை கோட்டைவிட்டது.

*

நத்தை குத்தி பற்றி முதலில் எழுதியவருக்கு என் பங்குக்கு ஒரு சின்னத் திருத்தம். குஞ்சுக்கு ‘அது எதற்கு’ என்கிறீர்கள், அப்படி அலகில் இடைவெளி தேவைப்பட்டதால் வந்தது என்று சொன்னால் என் பையன் “அப்போ கேட்டா எனக்கும் றெக்கை வருமா” என்பான். இடைவெளி கொஞ்சம் கூடுதலாக வாய்த்தவை கூடுதல் நத்தை தின்று கூடுதல் குஞ்சு வளர்த்திருக்கும், அதுவே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கும். அதே ஏரியில் மஞ்சள் மூக்கு நாரை அலகை அரைவாசி திறந்து கலங்கல் நீரில் வைத்துக்கொண்டு நடக்கும், மீன் பட்டால் டப்பென்று மூடும். அதற்கு நத்தையைக் குடைகிற இந்த வேலையே இல்லை.

சரி, வயலில் துழாவி எடுத்த அந்த நத்தை ஓடு இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு படம் போடுங்கள்.