இந்தியாவும் சீனாவும்: எல்லைப் பிரச்சினை தீராமலே ஒத்துழைப்பு நிலைக்குமா?

களுவாஞ்சிக்குடி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரக் கலைப் பிரிவில் அரசறிவியல் படிக்கிறேன். எங்கள் பாடசாலையில் நடைபெறவுள்ள விவாதப் போட்டியில், இந்திய–சீன ஒத்துழைப்பு நிலையானது என்று வாதிடும் அணியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு லடாக் எல்லையிலுள்ள கல்வான் பள்ளத்தாக்கில் உயிர்ப்பலி கொண்ட மோதலுக்குப் பின்னர் முறுகிக் கிடந்த உறவு, 2024 ஒக்டோபரில் ரோந்து தொடர்பாக ஏற்பட்ட உடன்பாட்டோடு சீராகத் தொடங்கியதையும், 2025இல் கயிலாய–மானசரோவர் யாத்திரையும் நேரடி விமான சேவையும் மீண்டும் ஆரம்பமானதையும் வாசித்து அறிந்தேன். ஆனால், எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பதிலேயே இன்னும் உடன்படாத இரண்டு நாடுகள் எதை அடித்தளமாகக் கொண்டு ஒத்துழைக்கின்றன என்பது எனக்குப் பிடிபடவில்லை. எதிரணி முதலில் இதைத்தான் கேட்கும். இவ்விரு நாடுகளும் நெருங்குவதால் இலங்கைக்கு நன்மையா, அல்லது இருவரிடமும் உதவி பெறும் வாய்ப்பு நமக்குக் குறைந்துவிடுமா என்பதையும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுநிலை ஆசிரியர், மட்டக்களப்பு:

மகள், உங்களுடைய முதற் கேள்விதான் இந்த விடயத்தின் உயிர்நாடி. ஆகவே அதற்கே கூடுதலாக எழுதுகிறேன். விவாதத்தை நட்பு என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டாம். 1954இல், ஒருவர் இறைமையை மற்றவர் மதித்தல், சமாதான சகவாழ்வு முதலிய ஐந்து கோட்பாடுகளான பஞ்சசீலக் கொள்கைகளை முகவுரையாகக் கொண்டு இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அது திபெத்துடனான வணிகத்தையும் யாத்திரையையும் பற்றியது. எல்லைக்கோடு எது என்பதை அது வரையறுக்கவில்லை. எட்டே ஆண்டுகளில், 1962 ஒக்டோபரில், போர் மூண்டது. அதன்பின் இரு தலைநகரங்களிலும் மீண்டும் தூதுவர்கள் அமர்வதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உண்மையான திருப்பம் 1988 டிசம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி பீஜிங் சென்றபோதுதான் ஏற்பட்டது. எல்லைப் பேச்சு ஒரு பக்கம் தனியாக நடக்கட்டும், அது முடியும்வரை காத்திராமல் வணிகம், விஞ்ஞானம், பண்பாடு முதலிய துறைகளில் உறவை வளர்ப்போம் என்ற முடிவு அப்போது எடுக்கப்பட்டது. இன்றுவரை காணப்படும் ஒத்துழைப்பெல்லாம் அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது. அதைத் தொடர்ந்து 1993இல், இரு நாட்டுப் படைகளும் நடைமுறையில் வைத்திருக்கும் பகுதிகளைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி அமைதி பேணுவதற்கான உடன்படிக்கையும், 1996இல் இராணுவத் துறையில் நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கைகள் பற்றிய உடன்படிக்கையும் வந்தன.

1996ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரையை நீங்கள் சொல்லுக்குச் சொல் வாசிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் எந்தத் தரப்பும் துப்பாக்கிப் பிரயோகம் செய்யக்கூடாது, வெடிபொருள்களைப் பயன்படுத்தக்கூடாது என்று அது கூறுகிறது. 2020 ஜூன் 15ஆம் திகதி இரவு கல்வானில் 20 இந்தியப் படையினர் உயிரிழந்தனர். தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா 2021இல் அறிவித்தது. அத்தனை உயிர்களும் கல்லாலும் தடியாலும் நடந்த கைகலப்பில் போயின. விதி இருந்தும் அந்த இளைஞர்களைக் காப்பாற்ற முடியவில்லை என்பது நெஞ்சை வருத்தும் உண்மை. ஆயினும், அணுவாயுதம் வைத்திருக்கும் இரண்டு நாடுகளின் படைகள் அவ்வளவு வெறியோடு மோதிய இரவில்கூடத் துப்பாக்கிகள் வெடிக்காமல் இருந்ததற்கு அந்த உறுப்புரையும் ஒரு காரணம் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

குறையையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுக் கோடு எங்கே செல்கிறது என்பதைத் தெளிவுபடுத்த வரைபடங்களைப் பரிமாறுவது என்று அந்த உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தும், நடுப்பகுதிக்கு மட்டுமே வரைபடங்கள் பரிமாறப்பட்டன. லடாக் அடங்கிய மேற்குப் பகுதியில் அந்தப் பணி பாதியில் நின்றுவிட்டது. 2020இல் உயிர்ப்பலி கொண்ட மோதல் மூண்டதும் அங்கேதான். 2020க்குப் பின்னர் படைத் தளபதிகள் மட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுப் பேச்சுகள் நடந்து, கல்வான், பாங்கொங் ஏரி, கோக்ரா என்று ஒவ்வோர் இடமாகப் படைகள் விலகி, இறுதியில் டெப்சாங், டெம்சோக் ஆகிய இரண்டு இடங்களுக்கும் 2024 ஒக்டோபரில் இணக்கம் காணப்பட்டது. சில நாள்களிலேயே ரஷ்யாவின் கசான் நகரில் பிரதமர் மோடியும் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். எல்லைப் பேச்சுக்காக 2003இல் உருவாக்கப்பட்ட விசேட பிரதிநிதிகள் பொறிமுறை ஐந்தாண்டுகள் கூடாமல் இருந்து, அதே ஆண்டு டிசம்பரில் பீஜிங்கில் மீண்டும் கூடியது.

ஒலுவில் வாசகர்:

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் நிலையானது என்று வாதிடும் அணி, சீனாவின் மற்றோர் அயல்நாடான ரஷ்யாவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றிலுள்ள ஒரு சிறு தீவுக்காகச் சோவியத் படைகளும் சீனப் படைகளும் சுட்டுக்கொண்டன. அந்த இரண்டு நாடுகளும் 1991இல் எல்லை உடன்படிக்கை ஒன்றைச் செய்து, எஞ்சிய இடங்களுக்கு 2004இல் துணை உடன்படிக்கை செய்து, 2008இல் ரஷ்யா தரபாரோவ் தீவு முழுவதையும் பெரிய உசூரித் தீவின் ஏறத்தாழ அரைப் பங்கையும் சீனாவிடம் ஒப்படைத்ததோடு, 4,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட எல்லையின் கணக்கை முடித்துவிட்டன. 2001இல் கைச்சாத்தான நல்லயல் உறவு உடன்படிக்கை இருபது ஆண்டுகள் நடைமுறையிலிருந்து, 2021இல் நீடிக்கப்பட்டது.

இரண்டு பெரிய நாடுகள் தலா கொஞ்சம் விட்டுக்கொடுத்து எல்லையை முடித்த பின்னர் வளர்த்த உறவு அது. இந்தியாவும் சீனாவும் செய்திருப்பது எல்லையை முடிப்பதல்ல, எல்லையைக் கையாள்வது. கையாளுதல் என்பது ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஒவ்வொரு ரோந்திலும் புதிதாகச் சோதிக்கப்படும். ஆகையால் நிலையானது என்பதைவிட, முறிந்தாலும் மீளக் கட்டப்படக்கூடியது என்று வாதிடுவதே உங்கள் அணிக்குப் பலம் என்பது என் கருத்து.

சம்மாந்துறை விவசாயி:

அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். பிள்ளையின் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன். 2021 பெரும்போகத்தில் எங்கள் வட்டையில் யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளித்து, கதிர் சிறுத்து நின்றது. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த அம்பாறை மாவட்டத்தில் விதைநெல்லுக்கே யோசிக்க வேண்டிய நிலை வந்தது. 2022இல் இந்தியா 55 மில்லியன் டொலர் கடன் வசதியில் 65,000 தொன் யூரியாவுக்கு வழிசெய்தது. சீனா விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் டீசலை நன்கொடையாக அனுப்பியது. வயலுக்கு எறிந்த பசளை ஒரு நாட்டின் கடன், அறுவடை இயந்திரத்துக்கு ஊற்றிய டீசல் மற்ற நாட்டின் கொடை. இரண்டையும் நாங்கள் நன்றியோடுதான் பெற்றோம்.

ஆனால் இருவரும் போட்டி போட்டால் நமக்கு இரட்டிப்பாகக் கிடைக்கும் என்ற எண்ணம் தவறானது. யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு என முடிவாகி, இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின்னர் நின்றுபோய், 2022இல் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. அந்த இழுபறியில் காத்திருந்தவர்கள் தீவு மக்களே. கடன் மறுசீரமைப்பிலும் அப்படித்தான்: இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை தலைமை தாங்கிய குழு ஒரு மேசையிலும், சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி வேறொரு மேசையிலும் இருந்தன. 2024 ஜூன் 26ஆம் திகதி ஒரே நாளில் இரண்டு இடங்களிலும் நாம் கைச்சாத்திட்டோம். இருவரும் ஒரே மேசையில் இருந்திருந்தால் அந்த நாள் முன்னதாகவே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லை தீராமல் எப்படி ஒத்துழைப்பு என்று கேட்டிருந்தீர்கள். இங்கே இரண்டு காணிக்காரருக்கிடையில் வரம்பு வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கும். ஆனாலும் வயல்களுக்கான நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை சொன்ன முறைப்படி இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். முறை தவறுகிறவர் யாரென்று ஊருக்குத் தெரியும் என்பதால்தான் அந்த ஒழுங்கு நடக்கிறது. அவ்விரு நாடுகளுக்கு மேலே வட்டவிதானை எவரும் இல்லை என்பதே எனக்குள்ள கவலை.

களுவாஞ்சிக்குடி மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. விவசாயி ஐயா கடைசியாகக் கூறியதிலிருந்து எனக்கு இன்னொரு கேள்வி எழுகிறது. இவ்விரு நாடுகளுக்கிடையில் நடுவில் நின்று பேசிப் பார்த்தவர்கள் எவரும் இல்லையா?

ஓய்வுநிலை ஆசிரியர், மட்டக்களப்பு:

இருந்தார்கள், மகள், முன்னின்று அதைச் செய்தது நம்முடைய நாடேதான். 1962 டிசம்பரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, கானா, எகிப்து ஆகிய அணிசேரா நாடுகளின் பிரதிநிதிகளைக் கொழும்புக்கு அழைத்து மாநாடு நடத்தினார். மேற்குப் பகுதியில் சீனப் படைகள் 20 கிலோமீற்றர் பின்வாங்குவது, காலியாகும் இடத்தைப் படையற்ற பகுதியாக வைத்து இரு தரப்பின் சிவில் காவல் நிலையங்களை அமைப்பது என்பன அந்த மாநாட்டின் பிரேரணைகளில் முக்கியமானவை. அவற்றை எடுத்துக்கொண்டு அவரே பீஜிங்குக்கும் புதுடில்லிக்கும் நேரில் சென்றார். இந்தியா பிரேரணைகளை முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்று, சில விடயங்களில் தன் விளக்கத்தை வலியுறுத்தியது. அத்தோடு முயற்சி முன்னேறவில்லை.

முன்னேறாவிட்டாலும் அதைச் சிறிய விடயமாக நான் கருதமாட்டேன். 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் உடன்படிக்கையைச் சீனாவோடு செய்துகொண்ட நாடு நாம். இந்தியாவோடு நமக்குள்ள பிணைப்பைச் சொல்லவே தேவையில்லை. இருவருக்கும் வேண்டியவர் என்ற தகுதி அன்று நமக்கு இருந்தது. அதன் பின்னர் இந்தியா, எல்லை விடயம் இருதரப்புக்கு மட்டுமே உரியது என்ற நிலைப்பாட்டில் உறுதியாக நிற்பதால், இன்று வெளியார் எவரும் நடுவராக நுழைய இடமில்லை.

ஒலுவில் வாசகர்:

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். எதிரணியில் நன்கு படித்த ஒருவர் இருந்தால் நதியைப் பற்றிக் கேட்பார். பிரம்மபுத்திரா திபெத்தில் யார்லுங் சாங்போ என்ற பெயரில் ஓடிவருவது. அதன் வெள்ளக்கால நீரளவுத் தரவுகளைச் சீனா வழங்குவதற்கு 2002இல் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டு, அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு வந்து, பின்னர் காலாவதியாகிவிட்டது. 2025இல் அதே ஆற்றில் மாபெரும் நீர்மின் அணையின் கட்டுமானத்தைச் சீனா தொடங்கியிருக்கிறது. அசாமில் ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு விமான சேவையை விட அந்தத் தரவுதான் முக்கியம். அது மீண்டும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதை உங்கள் அணியே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எதிரணி சொல்லும்வரை வைத்திருக்க வேண்டாம்.