மறு: நுழைவு வளைவு நிதி – ஊருக்குப் போய்வந்தேன்

அண்ணன்மார், அக்காமார், சித்தப்பா, மாமா எல்லாருக்கும் வணக்கம்.

ஊருக்கு நுழைவு வளைவு கட்ட நம் சங்கத்தில் ஆளுக்கு 10,000 ரூபாய் தர வேண்டும் என்று மஸ்கட் அண்ணன் எழுதி மூன்று வாரம் ஆகிறது. ஈஸ்டருக்கு ஊருக்குப் போவதாக இருந்தேன், கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் போடலாம் என்று இருந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

11 வருஷம் கழித்துப் போகிறேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, மார்த்தாண்டம், கருங்கல் வழியாகக் குளச்சல். ஊர் நெருங்கியதும் வண்டிக் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அந்த வெயிலும் உப்புக்காற்றும் முகத்தில் பட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. மகள் ஏசி போடச் சொன்னாள், நான் விடவில்லை.

கருமணல் இன்றைக்கும் காலைச் சுடுகிறது. இரண்டு ஓலைத் துண்டை மாற்றி மாற்றி முன்னால் போட்டு, அதன்மேல் குதித்துக் குதித்துத் தண்ணீர்வரை போவோமே, ஞாபகம் இருக்கிறதா? கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற அன்றைக்குக் கயிற்றின் வாலைத் தொட்டிருந்தாலே போதும், சிரட்டை நிறைய நெத்திலி தருவார்கள். டல்லாஸ் அக்கா கயிற்றைத் தொடாமலே வாங்கினதும் எனக்குத் தெரியும்.

வெற்றித் தூணுக்கு மகளைக் கூட்டிப்போனேன். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது இந்தக் கரையில்தான் என்று சொன்னேன். பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாயே பிறகு திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்ததையும், 1777-இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகி இருப்பதையும் சொன்னேன். மாட்டுவண்டியில் பனந்தடியை ஏற்றிப் பீரங்கி மாதிரி காட்டி ஏமாற்றினார்கள் என்று பாட்டா சொல்லும் கதையையும் சொன்னேன். அவளுக்கு அதுதான் பிடித்தது. அதனால் மஸ்கட் அண்ணே, பெருமை எனக்கும் உண்டு. ஊருக்குள் நுழைகிறவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று நீங்கள் எழுதியது சரிதான். சுனாமி முடிந்த மறுவாரம் நீங்கள் அனுப்பிய தார்ப்பாய்க்கு அடியில்தான் என் அம்மா நாலு மாதம் இருந்தார். அதை மறந்துவிட்டு நான் எதிர்த்து எழுதவில்லை.

ஆனால் தூணிலிருந்து கொட்டில்பாடு பக்கம் நடந்தோம். ஏ.வி.எம். கால்வாய் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அலையைப் பார்த்து மேட்டுக்கு ஓடினவர்களுக்குக் குறுக்கே இந்தக் கால்வாய்தான் கிடந்தது. கடலுக்குத் தப்பினவர்கள் இதில் மூழ்கிப் போனார்கள். மகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் நம் ஊர்ப் படிப்பகம். நீங்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது? தெற்குப் பக்கம் ஓடு சரிந்து கிடக்கிறது. ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் முழுக்கக் கறையான். நாம் அனுப்பிய புத்தகங்களைக் காசாளர் மாமி தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். மாலை வகுப்பு மாமி வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. 31 பிள்ளைகள். நான் எண்ணினேன். திண்ணை கொள்ளாமல் ஆறு பேர் முற்றத்தில் இருந்து எழுதுகிறார்கள். சொல்லிக் கொடுக்கிற இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே படித்து வந்தவர்கள்தான். நம்மிடமிருந்து 2019-க்குப் பிறகு ஒரு ரூபாய் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், மதில் விஷயத்தை நான் கிளறப் போவதில்லை.

மாமி மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் புளிமுளக் குழம்பும் வைத்தார். "ஏன் மக்கா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் உள்ளே போய், நம் சங்கக் கணக்கை எழுதிவந்த மாமாவின் நோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

சார்ஜா சித்தப்பா, இது உங்களுக்கு. 2017 ஒக்கிப் புயல் நிவாரணத்துக்கு நாம் சேர்த்த 3,20,000-க்குக் கணக்கு எங்கே என்று 2018-இலிருந்து கேட்கிறீர்கள். போன வாரமும் கேட்டீர்கள். நோட்டின் 14 பக்கத்தையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தேதி, தொகை, வாங்கினவர் கையெழுத்து எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு வரியில் மட்டும் பெயர் இல்லை, 40,000. நீங்கள் சந்தேகப்பட்டது அந்த 40,000-தான். கடலுக்குப் போனவர் திரும்பி வராமல், உடலும் கிடைக்காமல் நின்ற ஒரு வீட்டுக்கு அது போயிருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், தூரத்தில் இருக்கிற தன் ஆட்களுக்குத் தெரியவே கூடாது என்று அந்த வீட்டம்மா மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். மாமாவை நாம் என்னென்ன கேட்டோம்! அவர் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டே போய்ச் சேர்ந்தார். நானும் ஒருநாள் ஃபோனில் கேட்டேன். "நோட்டில இருக்கு மக்கா" என்றார், அவ்வளவுதான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வீட்டம்மாவைப் போய்ப் பார்த்தேன். "இனி அவனுக்குச் சொல்லு" என்றார். பெயரைச் சித்தப்பாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். நாலு நாளாகப் பதில் இல்லை. சித்தப்பா, எனக்குப் பதில் போட வேண்டாம், அங்கே ஒரு ஃபோன் போடுங்கள். மற்றவர்கள் தயவுசெய்து இங்கே யார் எவர் என்று கேட்காதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். வளைவுக்குச் சம்மதம் சொன்னவர்கள் 26 பேர், 2,60,000. படிப்பகத்துக்குக் கழுக்கோலும் ஓடும் மாற்ற ஆசாரி சொன்ன தொகை 1,85,000. மீதி 75,000. அது ஜூன் மாதத்துக்கு. கிழக்குக் கடல் பக்கத்துச் சின்னமுட்டத்துக்காரர்களுக்கு ஏப்ரல் 15-லேயே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, நம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டு வள்ளத்துக்குத் தடை இல்லை, ஆனால் அந்த நேரத்துக் கடலில் எத்தனை நாள் வள்ளம் இறக்க முடியும்? வீட்டில் வருமானம் நிற்கிற அதே மாதம்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நோட்டு, பை, ஃபீஸ் எல்லாம் அப்போதுதான் வரும். நம் சங்கம் ஜூனில் பணம் அனுப்பியதே இதற்காகத்தானே? மாமாதான் அந்த வழக்கத்தைத் தொடங்கினார்.

வளைவைக் கைவிடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கட்டலாம், நானும் தருவேன். எந்தக் குடும்பப் பெயர் மேலே வரும் என்று போன மாதம் இங்கே 40 மடல் வந்தது. படிப்பகத்தைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. மனசு வலித்தது, அதனால் சொல்கிறேன்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் கூரையைப் பிரிக்க முடியாது. மே மாதக் கடைசிக்குள் ஓடு ஏறியாக வேண்டும். ஆசாரி மே 5-க்குள் முன்பணம் கேட்கிறார். மஸ்கட் அண்ணன் சரி என்று ஒரு வரி எழுதினால் மற்ற 25 பேரும் அனுப்பிவிடுவார்கள், எனக்குத் தெரியும். பணம் மாமி பெயருக்கே போகட்டும்.

என் 10,000-ஐ மாமி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மாமாவின் நோட்டிலேயே புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தின் படம் இணைப்பில் கடைசியாக இருக்கிறது. இப்போதைக்கு அதில் ஒரு வரிதான் இருக்கிறது.

அன்புடன்,
மெல்பர்ன் தங்கச்சி