கோடையில் தானியத் தட்டுக்கு வரும் குஞ்சுகள்: தட்டைத் தொடர்ந்து வைக்கலாமா?

தோட்டவாசி:
வணக்கம். வீட்டு முற்றத்தில் சிறுதானியத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருக்கிறேன். கோடை தொடங்கியதிலிருந்து, வழக்கமாக வரும் சிட்டுக்குருவிகளுடன் அவற்றைவிடப் பருத்துத் தோன்றும் சில குருவிகளும் வருகின்றன. காலடியில் தானியம் சிதறிக் கிடந்தும் இவை கொத்துவதில்லை. சிறகுகளைத் தாழ்த்தி நடுங்கவிட்டு, வாயை அகலத் திறந்து கத்துகின்றன. அருகிலுள்ள குருவி ஊட்டினால்தான் உண்கின்றன. இவை குஞ்சுகள்தாம் என்று எண்ணுகிறேன். ஆயினும் நோயுற்ற பறவையிலிருந்து இவற்றை எப்படிப் பிரித்தறிவது? தட்டில் எளிதாகக் கிடைக்கும் தானியத்தையே ஊட்டினால் குஞ்சுகளின் வளர்ச்சி கெடுமோ, கோடை முடியும்வரை தட்டை எடுத்துவிடுவதுதான் நல்லதோ என்பதே என் முதன்மையான ஐயம்.

கூர்நோக்கி:
அவை குஞ்சுகளே. அலகின் இரு ஓரங்களிலும் தடித்த மஞ்சள் தோல் தெரியும். வால் இன்னும் முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. மென்தூவி உப்பியிருப்பதால் பெற்றோரைவிடப் பெரியவையாகத் தோன்றும். நோயுற்ற பறவையும் இறகை உப்பிக்கொண்டுதான் உட்காரும். ஆனால் அது கண்களைச் செருகி, ஆளரவம் கேட்டும் அசையாமல் சோர்ந்திருக்கும். குஞ்சோ பெற்றோர் நகரும் பக்கமெல்லாம் திரும்பிக் கத்திக்கொண்டே இருக்கும்.

சிட்டுக்குருவிக் குஞ்சு பொரித்துச் சுமார் இரண்டு வாரங்களில் கூட்டை விட்டு வெளியேறும்; அதன் பின்னும் ஓரிரு வாரங்கள் பெற்றோர் ஊட்டுவர். தாய் அடுத்த ஈட்டுக்கு முட்டையிடத் தொடங்கிவிட்டால், கழுத்தில் கறுப்புத் திட்டு உள்ள ஆண்குருவியே பெரும்பாலும் இந்தப் பொறுப்பை ஏற்கும். அது ஒரு மணியை அலகில் உருட்டி, உமியைத் தள்ளிவிட்டு, பருப்பை மட்டும் குஞ்சின் வாய்க்குள் திணிப்பதைப் பொறுமையாகக் கவனியுங்கள். சில நாள்களில் குஞ்சு தானே ஒரு மணியை எடுத்து, உமி நீக்கத் தெரியாமல் நழுவவிட்டு, மீண்டும் எடுக்கும். கோடையில் தட்டருகே காணக்கூடியவற்றுள் இதைவிட அருமையான காட்சி வேறில்லை என்பேன்.

சிறகொலி:
தட்டை எடுக்க வேண்டியதில்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் கூட்டிலுள்ள இளங்குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளையும் புழுக்களையுமே கொண்டுபோகிறது; விரைந்து வளரும் உடலுக்கு அந்தப் புரதம் இன்றியமையாதது. பெற்றோர் தங்கள் பசியைத் தட்டில் ஆற்றிக்கொண்டால், பூச்சி தேடுவதற்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். (புறாக்கள் இதற்கு விலக்கு, அவை தொண்டைப்பையில் சுரக்கும் பாலைக் கொடுத்தே குஞ்சுகளை வளர்க்கின்றன.) ஆகவே தட்டைவிட அதைச் சுற்றியுள்ள செடிகளே முக்கியம்: அவற்றில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். முழு நிலக்கடலை குஞ்சுகளின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் இந்தப் பருவத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலியோரம்:
தட்டை வைக்கலாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதைக் கழுவாமல் வைப்பதைவிட எடுத்துவிடுவதே மேல். டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, எச்சில் பட்ட ஈரத் தானியம், தண்ணீர் ஆகியவற்றின் வழியாகவும், பெற்றோர் ஊட்டும்போதும் பரவுகிறது. பிரிட்டனில் 2005-இல் பின்ச் என்ற, தானியம் தின்னும் சிறு பறவையினத்தாரிடையே வெளிப்பட்ட இந்நோய், கிரீன்பின்ச் பறவைகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டது. எச்சத்தின் வழியே சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியும் பரவும். எனவே தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். தட்டை வாரம் ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே தானியம் இடுங்கள். சோர்ந்த பறவை ஒன்று கண்ணில் பட்டால், கூட்டம் கலையும்படி இரண்டு மூன்று வாரங்களுக்குத் தட்டையும் கிண்ணத்தையும் அகற்றிவிடுங்கள்.

தோட்டவாசி:
விளக்கங்களுக்கு நன்றி. இன்று காலை ஒரு குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தது. பறக்க முயன்றும் உயர எழவில்லை. எடுத்துக் கூட்டில் விடவேண்டுமா?

கூர்நோக்கி:
உடல் முழுவதும் இறகு முளைத்திருந்தால், அது பறக்கப் பழகும் குஞ்சு. அதைத் தொடாமல் விலகி நில்லுங்கள். நீங்கள் அருகில் இருக்கும்வரை பெற்றோர் ஊட்ட வரத் தயங்கும். பூனை நடமாடினால் மட்டும் பக்கத்துப் புதருக்குள் நகர்த்தி வையுங்கள். மனிதக் கை பட்டால் பெற்றோர் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. ஆகையால் இறகு முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால் தயங்காமல் கூட்டிலேயே திருப்பி வைக்கலாம். தட்டின் அருகே கண்ணாடிச் சன்னல் இருந்தால், தட்டை அதிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள். மிரண்டு எழும் குஞ்சு கண்ணாடியில் மோதினாலும் பலத்த அடிபடும் அளவுக்கு வேகம் பிடித்திருக்காது.