மணிரத்னம் படங்களில் பேசாமல் விடுவது: உத்தியா, பழக்கதோஷமா?

தரைடிக்கெட் கேட்டது:

'பொன்னியின் செல்வன்' முடிந்த கையோடு கிளம்பிய சண்டை, 'தக் லைஃப்' வந்தபிறகு இன்னும் முற்றிவிட்டது. 'நாயகன்', 'தளபதி', 'இருவர்' எடுத்தவரைக் குறை சொல்ல நாக்கூசவில்லையா என்று ஒரு கோஷ்டி. இருட்டு, முணுமுணுப்பு, மழை, ரயில், ரஹ்மான் எல்லாம் உண்டு, கதை மட்டும் கிடையாது என்று இன்னொரு கோஷ்டி. இரண்டையும் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் கேள்வி சின்னது. அவருடைய பாத்திரங்கள் அதிகம் பேசமாட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பாதிதான் காட்டுவார். 'மௌன ராக'த்தில் (1986) இது அப்படியே பிடித்துக்கொள்கிறது. 'காற்று வெளியிடை'யில் (2017) பலருக்கு ஒட்டவே இல்லை. ஒரே கை, ஒரே உத்தி. ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் நழுவுவது ஏன்? 'அவருக்கு வயசாயிடுச்சு', 'உங்களுக்கு ரசனை பத்தாது' இரண்டும் வேண்டாம். காட்சியைச் சொல்லி விளக்குங்கள்.

ரீல்பெட்டி:

வசனம் எத்தனை வார்த்தை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, காரணம் எந்த இடத்தில் நமக்குத் தெரிய வருகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கிறது.

'தளபதி' (1991) எப்படித் தொடங்குகிறது? கறுப்பு வெள்ளை. போகி நாள். ஒரு சின்னப் பெண் பிள்ளை பெற்று, கூட்ஸ் வண்டியில் வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பிள்ளைதான் பிறகு சூர்யா (ரஜினி). அவனுக்கே தெரியாத விஷயம் முதல் ரீலிலேயே நம் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் கோயிலில் ரயில் கூவும்போது, தாயும் மகனும் ஆளுக்கொரு பக்கம் நின்று அந்தச் சத்தத்துக்குத் திரும்பினால் தொண்டை அடைக்கிறது. அங்கே யாரும் பேசவேண்டியதில்லை. அட்வான்ஸ் முன்பே கட்டியாகிவிட்டது.

'ராவணன்' (2010) இதற்கு நேர் எதிர். கடத்தல் முதலில் வந்துவிடுகிறது. தங்கை வெண்ணிலாவுக்குப் போலீஸ் என்ன செய்தது என்ற காரணம் பிற்பாதி பிளாஷ்பேக்கில் வருகிறது. அதுவரை கடத்திய வீரா கத்துவதும் சிரிப்பதும் நமக்கு வெறும் சேஷ்டை. கடத்தப்பட்ட ராகினியின் மனசு அசைய ஆரம்பிக்கும்போது, நாம் இன்னும் அவனை எடைபோட்டுக்கொண்டே இருக்கிறோம்.

'மௌன ராகம்' ஏன் நிற்கிறது தெரியுமா? ஒரு சட்டப் பிரிவால். கல்யாணமாகி ஓராண்டு முடியாமல் விவாகரத்து மனு போடமுடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. பிரிய நினைக்கும் தம்பதியிடம் வக்கீல் அதைச் சொன்னதும் படத்துக்கு ஒரு கெடு கிடைத்துவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர், மாதங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. இனி அவர்கள் பேசாமல் சோறு பரிமாறினால்கூட அதில் ஏதோ நடக்கிறது. கெடு இல்லாத மௌனம் வெறும் மௌனம்தான்.

'காற்று வெளியிடை'யில் கோளாறு கட்டுமானத்திலேயே இருக்கிறது. பாகிஸ்தான் சிறையில் கிடக்கும் வருண் பழையதை நினைத்துப் பார்ப்பதாகத்தான் கதை ஓடுகிறது. இவ்வளவு அவமானப்பட்டும் காதலி லீலா ஏன் திரும்பத் திரும்ப வருகிறாள் என்பது அவனுக்கே தெரியாது. அவன் நினைவு வழியாகப் பார்க்கும் நமக்கு மட்டும் எப்படித் தெரியும்? படம் தெரிந்தேதான் இப்படிச் செய்கிறது என்று வாதாடலாம். ஆனால் அப்படியென்றால் படம் முழுக்க அவன் பக்கமே நின்றிருக்கவேண்டும். அவளுடைய அழுகையையும் நெருக்கத்தில் காட்டி, காரணத்தை மட்டும் பூட்டிவைத்தால் பார்ப்பவனுக்கு எரிச்சல்தான் வரும்.

பேக்லைட் பெருமாள்:

ரீல்பெட்டி சொன்னது சரி. ஆனால் 'இருட்டு' புகாரில் பாதி, படத்தின் தப்பே இல்லை. பார்க்கும் பிரதியும் டிவியும் செய்கிற வேலை.

அவருடைய ஒளிப்பதிவாளர்கள் பி.சி.ஸ்ரீராம், சந்தோஷ் சிவன் இருவரும் விளக்கை முகத்துக்கு நேராக வைக்கிறவர்கள் இல்லை. பின்னாலிருந்தோ, ஜன்னல் பக்கத்திலிருந்தோ, தலைக்கு மேலிருந்தோதான் வரும். மேலிருந்து விழும்போது புருவ நிழல் கண்ணுக்குள் விழும். 'நாயக'னில் வேலு நாயக்கர் வீட்டுக்குள் இருக்கும் காட்சிகளைப் பாருங்கள், ஆள் என்ன நினைக்கிறார் என்று கண்ணை வைத்துச் சொல்லமுடியாது. படமே 'இவர் நல்லவரா கெட்டவரா' என்ற கேள்வியில் நிற்கும்போது அது அலங்காரம் இல்லை, அர்த்தம். அந்த ஒளிப்பதிவுக்கு ஸ்ரீராமுக்கும், தாராவியைச் சென்னையில் எழுப்பிய கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருது கிடைத்தது சும்மா இல்லை.

இப்படி எடுத்த முகம் நெகட்டிவில் ஏற்கெனவே கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் ஏறும், நிழலில் இருந்த விவரம் முதலில் செத்துப்போகும். அதை அமுக்கி இணையத்தில் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் கட்டம் கட்டமாக உடையும். பழைய டிவிக்காகச் செய்த பிரதியில் இரண்டு ஓரமும் வெட்டப்பட்டிருக்கும். திரையின் ஒவ்வொரு கோடியிலும் ஒருவரை நிறுத்துகிற இயக்குநருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

வீட்டில் பார்ப்பதானால்:

டிவியின் பிக்சர் மோடை 'சினிமா', 'மூவி', 'ஃபிலிம்மேக்கர்' இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். 'விவிட்', 'டைனமிக்' பக்கமே போகாதீர்கள். அடுத்து மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று இருக்கும். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்துக்கு நடுவில் டிவி தானாக ஃபிரேம் செருகினால் 'அக்னி நட்சத்திரம்' (1988) சீரியல் மாதிரித் தெரியும். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே மங்கும் ஈகோ மோடையும் நிறுத்துங்கள். கடைசியாகக் கறுப்பு அளவு: படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை சாம்பலாகத் தொடங்கும் வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு புள்ளி இறக்குங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் முகம் தெரியவில்லையென்றால், அப்புறம் திட்டுங்கள்.

கட்டிங் சாயா:

டிவி செட்டிங்கை மாத்தினா 'கடல்' திரைக்கதையும் சரியாயிடுமா பெருமாள் சார்?

பேக்லைட் பெருமாள்:

ஆகாது சார். அது ரிமோட்டுக்கு எட்டாத இடம்.

வன்னிக்காற்று:

எல்லாரும் விளக்கையும் கத்தரிக்கோலையும் கதைக்கிறீங்கள். இந்தச் சுருக்கம் அரசியலில என்ன செய்யுது எண்டும் பாக்கவேணும்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தது 2002 பெப்ரவரி 14. அரசுக்கும் புலிகளுக்கும் இடையில யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது அதே மாதம் 22. எட்டே நாள் இடைவெளி. மாங்குளத்துக் கல்யாணத்தோட தொடங்கிற படம், ஒன்பதாவது பிறந்தநாளில தான் தத்துப்பிள்ளை எண்டு அறியிற அமுதாவின்ர பிடிவாதத்துக்குப் பின்னால போகுது. கேக்கிறது ஒரு பிள்ளை எண்டபடியா, ஏன் இந்த யுத்தம் எண்டதுக்குப் பெரிய பதில் சொல்லத் தேவையில்லாமல் போகுது. கெட்டிக்காரத்தனம்தான். தப்பிக்கிற வழியும் அதுதான்.

ஆனா கடைசி மழைக்காட்சியில நான் கை வைக்கமாட்டன். போராளியாப் போன பெத்த தாய் ஷியாமாவிட்ட பிள்ளை வரிசையாக் கேள்வி கேக்குது, தாயிட்டப் பதில் இல்லை. அந்த மௌனம் தாயின்ரயா, போராளியின்ரயா எண்டு பிரிக்க ஏலாது. அங்க உத்தி முழுசா வேலை செய்யுது. 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டில எம்.எஸ்.விஸ்வநாதன்ர தளர்ந்த குரல் வருகிற இடமும் அப்பிடித்தான்.

எனக்குக் குறையாத் தெரியிறது பேச்சு. வன்னி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எண்டு வித்தியாசம் ஒண்டும் கேக்கேல்ல, எல்லாம் ஒரே 'இலங்கைத் தமிழ்'.

மற்றது 'ரோஜா'வும் (1992) 'பம்பாய்'யும் (1995). 'ரோஜா'வில காஷ்மீரில கடத்தப்பட்ட ரிஷிகுமார் எரியிற கொடியில விழுந்து அணைக்கிற காட்சிக்குக் கிடைக்கிற நேரத்தில, காஷ்மீரி ஒருத்தன் தன்ர பக்கத்தைச் சொல்லக் கிடைக்கிறது எவ்வளவு? ஆய்வாளர் தேஜஸ்வினி நிரஞ்சனா 1994-இல 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி'யில இதை விரிவா எழுதி, பெரிய விவாதமே நடந்தது. 'பம்பாய்' கடைசியில சனம் கைகோத்து நிக்குது. கலவரம் ஏன் வந்தது எண்டதை விட்டிட்டு அது எப்பிடி அடங்குது எண்டதை மட்டும் காட்டினா, எல்லாரும் ஒரேயளவு குற்றவாளி எண்ட கணக்கு வந்து நிக்கும். காதலில காரணத்தை மறைச்சா அது கவிதை. கலவரத்தில மறைச்சா அதுவே ஒரு நிலைப்பாடு.

ஓலைநறுக்கு:

வன்னிக்காற்றின் கடைசி வரி கொஞ்சம் கடுமை, ஆனால் மறுக்கமுடியவில்லை. அதற்கு எதிர்ச்சாட்சியாக 'இருவர்' (1997) இருக்கிறது. நிஜ அரசியலைத் தொட்டும், அங்கே அவர் எதிலிருந்தும் நழுவவில்லை.

அதில் வெட்டு குறைவு, நீண்ட ஷாட்டுகள். ஆனந்தனும் தமிழ்ச்செல்வனும் ஒரே ஃபிரேமுக்குள் இருக்கும்போது யார் முன்னால், யார் பின்னால், யார் நகர்கிறார், யார் நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கேமராவே சொல்லிவிடும். தமிழ்ச்செல்வன் மேடைத்தமிழ் பேசுகிறவர், ஆனந்தன் கும்பிட்டுச் சிரித்தே கூட்டத்தைச் சம்பாதிக்கிறவர். இங்கே குறைவாகப் பேசுவது ஸ்டைல் இல்லை, ஓர் ஆளுக்கு உரிய குணம். எல்லோரும் ஒரே மாதிரித் துண்டு துண்டாகப் பேசும் மற்ற படங்களிலிருந்து இது வேறுபடுவது இதனால்தான்.

பாட்டும் அப்படி. 'நறுமுகையே' படத்துக்குள் எடுக்கப்படும் ஒரு படத்தின் பாட்டு, கறுப்பு வெள்ளையில் வரும். வைரமுத்து அதில் குறுந்தொகை 40-ஐயும் ('யாயும் ஞாயும்') புறநானூறு 112-ஐயும் ('அற்றைத் திங்கள்') இழைத்திருக்கிறார். இரண்டாவது, தகப்பனையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடியது. அந்த ஒப்பாரியை டூயட்டின் வாயில் வைத்தால், கேட்கத் தெரிந்தவனுக்கு அது சும்மா கடந்துபோகாது.

'பொன்னியின் செல்வன்' விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பாகத்தை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினார், வெட்டாமல் முடியாது. கேள்வி எதை வெட்டினார் என்பது. மணிமேகலையைக் காணோம். நாவலில் வந்தியத்தேவனைக் காப்பாற்ற, ஆதித்த கரிகாலனைத் தானே கொன்றதாகச் சொல்லிக்கொள்கிறவள் அவள். அவள் இருந்தால்தான் கொலையாளி யார் என்ற குழப்பம் கல்கி வைத்தபடி நிற்கும். அவளை எடுத்ததும், எல்லாம் நந்தினியும் கரிகாலனும் இருக்கும் அறைக்குள் குவிந்துவிடுகிறது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அந்தக் காட்சியைத் தாங்கிவிட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் மர்மக்கதை காதல்கதையாகிவிட்டது. அதை நஷ்டம் என்பவன் நான். லாபம் என்று சொல்கிறவர்களோடு சண்டையில்லை.

தரைடிக்கெட்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். இந்தத் துண்டு வசனம் எழுத்தாளர் சுஜாதா போனதும் கெட்டது என்பார்களே, அது எவ்வளவு உண்மை? 'இருவர்' வசனமும் அவருடையதுதானே?

ரீல்பெட்டி:

இல்லை தோழர், 'இருவர்' வசனம் சுஹாசினி. 'நாயகன்' பாலகுமாரன். 'ரோஜா', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'ஆய்த எழுத்து' சுஜாதா. 'கடல்', 'பொன்னியின் செல்வன்' ஜெயமோகன். நாலு பேரும் நாலு விதமாக எழுதுகிறவர்கள். நாலு பேர் கையிலும் வரி ஒரே நீளத்துக்கு நறுக்கப்பட்டு வருகிறதென்றால், கத்தி இயக்குநருடையது. சுஜாதா மேல் பழியும் வேண்டாம், பெருமையும் வேண்டாம்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம். 'நாயக'னில் விபச்சார விடுதியில் இருக்கும் நீலா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று வேலுவிடம் கேட்கிறாள். வயசு, பள்ளிக்கூடம், யாரோ ஏமாற்றிக் கொண்டுவந்து தள்ளிய கதை, எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இதுதான் சுருக்கம். ஒரு வரி சுருங்கியதா, வெறுமனே குட்டையாக இருக்கிறதா என்று சோதிக்க, அந்தக் காட்சியை முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள், பிறகு திரையை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே தகவல்தான் கிடைக்கிறதென்றால் வசனம் அங்கே தண்டம். ஒலியில் புதிதாக ஏதாவது ஏறினால் சரி. முதன்முதலாகச் சோதித்துப் பார்க்க 'அலைபாயுதே' (2000) ரயில் நிலையக் காட்சியும், 'ராவண'னின் முதல் அரைமணி நேரமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டிங் சாயா:

ரஹ்மானையும் சேர்த்து அணைக்கணுமா? அது நடக்காத காரியம்.