மாட்டுக்கு எந்த புல்லு தான் புடிக்கும்?

வரப்புக்காரன்:
வணக்கம்ங்க. என்கிட்ட ரெண்டு கறவை மாடு, ஒரு கிடேரி இருக்கு. ஆசையா நேப்பியர் தீவனப்புல்லு நட்டு ஆளுயரம் வளத்து வெட்டிப் போட்டா எலைய மட்டும் உருவித் தின்னுட்டு தண்டு பூரா தொட்டியிலயே கெடக்குது. ஆனா அவுத்து விட்டா நேரா வரப்புக்கு போயி அருகம்புல்ல கரக்கரக்னு மேயுது, பக்கத்துலயே கோரை தளதளன்னு நிக்குது, அத மோந்து கூட பாக்கல. மேய்ச்சலுக்குன்னே கொஞ்சம் எடம் ஒதுக்கி புல்லு விடலாம்னு இருக்கேன், என்ன போடலாம்?

மானாவாரி:
தண்ணி இல்லாத காடுன்னா யோசிக்காம கொழுக்கட்டைப்புல் போடுங்க. ஒருதடவ வேர் புடிச்சிட்டா வறட்சி தாங்கும், மாடு மேய மேய தூர் கட்டும். தண்ணி இருக்கு, மர நெழலும் இருக்குன்னா கினியா புல், தண்டு மெலிசு எல ஜாஸ்தி, அதனால மாடு மிச்சம் வைக்காது.

கன்னுக்குட்டி:
நீங்க புல்லு பேர கேக்குறீங்க, மாடு புல்லோட வயச பாக்குதுங்க. நேப்பியர் மேல தப்பே இல்ல, ஆளுயரம் வரைக்கும் விட்டது தான் தப்பு. நட்டதுல இருந்து 75, 80 நாள்ல மொத அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருதடவ அறுத்துடணும், அதுக்கு மேல போனா தண்டு கட்டையாகி நார் ஏறிடும், சத்தும் கொறஞ்சிடும், மாடு ஏன் திங்கப்போவுது. சாப் கட்டர்ல பொடிசா வெட்டிப் போட்டாலும் கழிவு கொறையும், ஆனா முத்துன புல்ல வெட்டிப் போட்டா முத்துன புல்லு தான், இளசாயிடாது. எங்க காட்டுல ஊசிப்புல் இருக்கு, தளிரா இருக்கறப்ப நல்லா மேயும், கதிர் வந்து ஊசி விட்டுச்சுன்னா வாய்ல குத்தும்னு அந்தப் பக்கமே போகாது. அதே புல்லு தானே!

கோரை எப்பவுமே சொரசொரப்பு, பசி தாங்கலன்னா தான் வாய் வைக்கும். எலுமிச்சைப்புல் மாதிரி வாசனை தூக்குற புல்லயும் முத்துனா தொடாது.

மானாவாரி:
வயசு முக்கியம் தான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரே வயசுல கினியாவையும் கோரையையும் வச்சா எதுக்கு போகும்னு நீங்களே சொல்லிட்டீங்களே 😄

பால்கேன்:
ரெண்டு பேரும் பயறு வகைய விட்டுட்டீங்க. புல்லு மட்டும் போடாதீங்க, மூணு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு வேலிமசாலோ தட்டப்பயறோ கலந்து குடுங்க, புரதம் அதுல தான் ஜாஸ்தி. அதே பயறு வகையில குதிரைமசால்னா மாடு ரொம்ப ஆசையா திங்கும், ஆனா வெறும் வயித்துல ஈரத்தோட நெறைய தின்னா வயிறு உப்பிக்கும், எடது பக்கம் பலூன் மாதிரி ஏறும், உடனே டாக்டர கூப்பிடலன்னா மாடே போயிடும். அதனால மொதல்ல கொஞ்சம் வைக்கோல் தின்ன விட்டுட்டு அப்புறம் காட்டுங்க. சோளத்தட்டுலயும் ஆபத்து இருக்கு, பூ எடுக்கறதுக்கு முன்னாடி, அதுவும் காஞ்சு போயி திரும்பத் துளுத்ததுன்னா வெஷம், மாடு ருசியா திங்குதேன்னு நம்பி விட்றாதீங்க.

இன்னொண்ணு, மாட்டுக்கு மேல்வாய்ல முன்பல்லு கெடையாது, நாக்கால சுத்தி இழுத்து தான் திங்கும். அதனால வரப்பு அருகம்புல் ஒரு சாண் வளந்து நின்னா தான் வாய் நெறைய கெடைக்கும், தரையோட ஒட்டிப் போச்சுன்னா அது ஆட்டுக்குத்தான். எடத்த நாலா தடுத்து மாத்தி மாத்தி மேய விடுங்க.

வரப்புக்காரன்:
ரொம்ப நன்றிங்க, நேப்பியர இந்த வாரமே அடியோட அறுத்து விட்டுட்டு நாள் எண்ணப் போறேன். மேய்ச்சலுக்கு கொழுக்கட்டைப்புல்லும் வேலிமசாலும். ஒரு சந்தேகம், போன தடவ மேஞ்ச எடத்துல அங்கங்க வட்டமா திட்டுத்திட்டா நல்ல பச்சை புல்லு நிக்குது, அத மட்டும் ஏன் சுத்தி சுத்தி விட்டுட்டு மேயுது?

கன்னுக்குட்டி:
அது சாணி போட்ட எடம்ங்க. வாடை போற வரைக்கும் வாய் வைக்காது, சில சமயம் மாசக்கணக்குல ஆகும். சாணிய கலைச்சு விடுங்க, இல்லாட்டி அத மட்டும் அறுத்து தொட்டியில போட்டு பாருங்க, எடம் மாறிட்டா திங்குறதும் உண்டு.