புதுப்பிப்பு: அப்பாவின் ஒற்றைச் சிறுநீரகம், மூன்று மாதங்களுக்குப் பிறகு

புற்றுநோய்க் கட்டியோடு அப்பாவின் இடது சிறுநீரகத்தை முழுவதுமாக அகற்றிய பத்தாம் நாளில், கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவின் இரத்த அளவு; திறன் குறைந்தால் இது கூடும்) 1.0-இலிருந்து 1.6-ஆக உயர்ந்ததைக் கண்டு, டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று கலங்கி இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

நேற்று வந்த அறிக்கையில் கிரியேட்டினின் 1.4. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (அறிக்கையில் eGFR) அறுவைக்கு முன் 85 ஆக இருந்து, 49-க்கு இறங்கி, இப்போது 57-இல் நிற்கிறது. ஒரு சிறுநீரகம் போனால் திறன் பாதியாகிவிடும் என்றே நான் எண்ணியிருந்தேன். எஞ்சிய சிறுநீரகம் வாரக்கணக்கில் மெல்லப் பருத்து, கூடுதல் இரத்தத்தை வடிகட்டப் பழகிக்கொள்வதால் இழப்பு அந்த அளவுக்குப் போவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். இந்தத் திறன் 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பதிவு செய்கிறார்கள். அந்தச் சொல் எங்களை உலுக்கியது உண்மை. ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியவில்லை, இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது என்பதால், இது நீரிழிவால் வரும் பாதிப்பைப் போல வேகமாக முற்ற வாய்ப்புக் குறைவு என்றார்.

என்னை அதிகம் பதறவைத்தது வேறொன்று. அப்பாவின் சட்டைப் பையில் பாதி தீர்ந்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மாத்திரை அட்டை இருந்தது. மூட்டுவலிக்காக மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கியிருக்கிறார். எஞ்சிய சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையே குறைக்கக்கூடிய மாத்திரை அது. இப்போது நிறுத்திவிட்டோம். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. ஸ்கேனுக்குச் சாய மருந்து செலுத்துமுன் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.